புள்ளிராஜாவின் மனைவி

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எவரும் அந்தக் கேள்வியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சுவரில், தட்டியில், திரும்பிய பக்கமெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் அந்தப் புள்ளிராஜா, அரசியல்வாதியா, சினிமாக்காரரா என்று டீக்கடைகளில் பேச்சு நடந்தது. விழிப்புணர்வு விளம்பரம் என்ற அளவில் அது பெரிய வெற்றி. காதோடு காதாகப் பேசிவந்த நோயின் பெயரை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் கேள்வி முழுக்கப் புள்ளிராஜாவைப் பற்றியது. அவருக்கு வீட்டில் ஒரு மனைவி இருந்திருப்பார். அந்த அம்மாவுக்கு வருமா?

சென்னையில் அதற்கான பதில் அப்போதே கைவசம் இருந்தது. ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றி டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அந்தப் பெண்களில் 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் ஒருவரைத் தவிர வேறு யாரோடும் உறவு கொள்ளாதவர்கள். 89 சதவீதம் பேருக்கு ஆணுடனான உடலுறவைத் தவிர வேறு வழியில் தொற்று வந்திருக்க முகாந்திரமே இல்லை. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று இருந்துவிட்டால் எய்ட்ஸ் அண்டாது என்ற பிரச்சாரம் இந்த எண்களுக்கு முன் நிற்காது. ஒருத்தி ஒழுங்காக இருந்தாள். நோய் தாலி வழியாகவே வந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் இதே சுனிதி சாலமன்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. அன்று நாடு பேசியதெல்லாம் இவர்கள் யாருக்குப் பரப்பியிருப்பார்கள் என்பதைத்தான். இந்த ஆறு பேரின் உடம்புக்கு இனி என்ன ஆகும் என்று கேட்டவர்கள் குறைவு.

உலகம் முழுக்க இதே கதைதான். எச்.ஐ.வி. மருத்துவத்துக்குள் பெண்கள் நுழைந்தது இரண்டு வேடங்களில்: ஆண்களுக்குத் தொற்றைக் கொடுப்பவர், குழந்தைக்குத் தொற்றைக் கொடுப்பவர். நோயாளி என்ற முறையில் அவரைப் பார்க்கத் தொடங்கியது பிறகுதான். அப்படிப் பார்த்தபோது தெரியவந்தவை வியப்பானவை. 2023 கணக்கில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 4 கோடிப் பேரில் 53 சதவீதம் பெண்களும் சிறுமிகளும். அந்தப் பாதிக்கு மேற்பட்டோரின் உடம்பில் இந்த வைரஸ் நடந்துகொள்ளும் விதமே வேறு.

எச்.ஐ.வி. தொற்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர்கள் இரண்டு எண்களால் அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸின் பிரதிகள் எத்தனை என்பது வைரல் லோடு. வைரஸ் குறிவைத்து அழிக்கும் சி.டி.4 வெள்ளணுக்களில் மிச்சம் எத்தனை என்பது சி.டி.4 எண்ணிக்கை. முதலாவது ஏறினாலும் கெடுதல், இரண்டாவது இறங்கினாலும் கெடுதல். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்வரும் எவரும், பள்ளிக்கூடம் போகாதவர்கூட, தன்னுடைய சி.டி.4 எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொண்டவர்களை 1988 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொற்று ஏற்பட்ட புதிதில் ஆண்களின் வைரல் லோடு இடைநிலை அளவு 50,766. பெண்களுக்கு 15,103. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்கள் தப்பித்துவிட்டார்கள் என்றுதான் இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் எய்ட்ஸ் கட்டத்தை எட்டிய வேகத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அதாவது 15,000 வைரஸ் ஒரு பெண்ணுக்குச் செய்யும் சேதமும் 50,000 வைரஸ் ஓர் ஆணுக்குச் செய்யும் சேதமும் ஒன்று.

2001இல் இந்த முடிவு வெளியானபோது அது வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியாக இருக்கவில்லை. மருந்தை எப்போது தொடங்குவது என்பதற்கு வைரல் லோடையும் ஓர் அளவுகோலாக வைத்திருந்த காலம் அது. ஒரே கட்டத்தில் இருக்கும் ஆணும் பெண்ணும் வந்தால், ஆணுக்கு ‘உடனே தொடங்கு’ என்றும் பெண்ணுக்கு ‘இன்னும் பொறு’ என்றும் அந்த அளவுகோல் சொல்லும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வகுத்ததல்ல. ஆண்களை அளந்து செய்த அளவுகோலால் பெண்ணை அளந்தால் அப்படித்தான் ஆகும்.

வைரஸ் ஏன் பெண்ணிடம் குறைவாக இருக்கிறது, குறைவாக இருந்தும் ஏன் அதே சேதம்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைத்தது என்பதுதான் அழகு.

நம் ரத்தத்தில் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் என்று ஒரு வகை உண்டு. எண்ணிக்கையில் மிகச் சொற்பம். வைரஸின் மரபணுத் துணுக்கை மோப்பம் பிடித்தவுடன் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைக் கொட்டி மற்ற செல்களை உசுப்புவது இதன் வேலை. மோப்பம் பிடிக்கும் கருவியின் பெயர் டி.எல்.ஆர்.7. மார்கஸ் ஆல்ட்ஃபெல்டும் அவருடைய பாஸ்டன் குழுவினரும் ஆண்கள், பெண்கள் இரு தரப்பிலிருந்தும் இந்தச் செல்களை எடுத்து எச்.ஐ.வி.யின் துணுக்குகளைக் காட்டினார்கள். பெண்களின் செல்கள் கூடுதல் இன்டர்ஃபெரானைச் சுரந்தன. 2009இல் வந்தது அந்த முடிவு.

இதற்கும் எக்ஸ் குரோமோசோமுக்கும் தொடர்பு உண்டு. டி.எல்.ஆர்.7 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு ஒரு எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் ஓசையில்லாமல் அடங்கிப்போகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எல்லா மரபணுவும் அப்படி அடங்குவதில்லை. சில செல்களில் டி.எல்.ஆர்.7 இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். லூபஸ் என்னும் தன்னுடல் தாக்கு நோயில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் இந்தச் செல்களைத் தூண்டிவிடுகிறது.

ஆக, பெண்ணின் உடம்பு வைரஸை ஆரம்பத்திலேயே பலமாக எதிர்க்கிறது. அதனால் வைரஸ் குறைகிறது. ஆனால் எச்.ஐ.வி. விரட்டினால் போய்விடும் ஜலதோஷ வைரஸ் அல்ல. அது செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். எதிர்ப்பு வருஷக்கணக்கில் ஓயாமல் நடக்க வேண்டியிருக்கிறது. தெருவில் கூர்க்கா இரண்டு முறை விசில் அடித்தால் திருடன் போவான், நாமும் தூங்குவோம். விடிய விடிய அடித்தால் தெருவே தூங்காது. அந்தத் தூக்கமின்மையைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட அழற்சி என்கிறார்கள். ஒரே வைரல் லோடு உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், பெண்ணின் நோயெதிர்ப்புச் செல்கள்தான் அதிகம் கிளர்ந்துபோய் இருக்கின்றன. சேதத்தின் ஒரு பகுதியைச் செய்வது வைரஸ் அல்ல. வைரஸை எதிர்க்கும் வேகமே.

மாத்திரை எடுத்து வைரஸை அடக்கிய பிறகும் இந்த அழற்சி முழுதாகத் தணிவதில்லை. அதன் விலையை முதலில் கொடுப்பது இதயம். பாஸ்டன் மருத்துவமனைப் பதிவேடுகளை அலசி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்ற ஆண்களைவிட 1.4 மடங்கு என்றது. பெண்களுக்கு, மற்ற பெண்களோடு ஒப்பிட, ஏறத்தாழ 3 மடங்கு. மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுக்கு இதயநோய் அவ்வளவாக வராது என்று நாம் நம்பியிருக்கும் அந்த இயற்கைச் சலுகையை எச்.ஐ.வி. பெருமளவு பறித்துக்கொள்கிறது. நெஞ்சு எரிகிறது, முதுகு வலிக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் அசிடிட்டி என்று அனுப்பிவைக்கும் பழக்கம் வேறு நம்மிடம் இருக்கிறது.

இதய விஷயத்தில் ஒரு நல்ல செய்தி 2023இல் வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.யோடு வாழும் 40 வயதைத் தாண்டிய 7,769 பேருக்கு நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் 31 சதவீதம் பேர் பெண்கள். இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எச்.ஐ.வி. மருந்து ஆய்வுகளில் பெண்களின் பங்கு நெடுங்காலம் ஐந்தில் ஒன்றுதான். நோயை முழுதாக ஒழிக்கும் வழிதேடும் ஆய்வுகளில் சுமார் பத்தில் ஒன்று.

அந்த ஒழிப்பு ஆய்வுகளில்தான் பெண்ணுடம்பு இன்னொரு ஆச்சரியத்தை வைத்திருந்தது. எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து துடைத்தெடுக்க முடியாததற்குக் காரணம் அது சில செல்களுக்குள் உறங்கிக்கிடப்பது. உறங்கும் வைரஸை மருந்தால் எழுப்பி, எழுந்ததும் அழிப்பது ஒரு யோசனை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து விஞ்ஞானிகள் 2018இல் கண்டது இது: ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, வைரஸை உறக்கத்திலேயே வைத்திருக்கிறது. பெண்களின் செல்களில் இந்தப் பிடி இன்னும் இறுக்கம். மாத்திரையோடு வாழும் பெண்ணுக்கு இது நன்மை, வைரஸ் எளிதில் தலைதூக்காது. ஆனால் எழுப்பி அழிக்க நினைப்பவர்களுக்கு இது தலைவலி. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை ஈஸ்ட்ரோஜனின் பிடியைத் தளர்த்தும் என்று எண்ணி, மாதவிடாய் நின்ற பெண்களிடம் முயன்று பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

மருந்தின் உதவியே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வ மனிதர்கள் உண்டு. அவர்களில் பெண்களின் விகிதம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லொரீன் வில்லன்பெர்க் 1992இல் தொற்று உறுதியானவர். அவருடைய 150 கோடி செல்களைச் சல்லடை போட்டுத் தேடியும் முழு உருவில் ஒரு வைரஸ்கூட அகப்படவில்லை என்று 2020இல் ‘நேச்சர்’ இதழில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவில் இன்னொரு பெண். அவருடைய ரத்தத்தில் மட்டுமல்ல, பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த 50 கோடிச் செல்களிலும் தேடினார்கள். அங்கும் முழு வைரஸ் இல்லை. எப்படி என்று இன்னும் விளங்கவில்லை. விளங்கும்போது பலன் ஆணுக்கும் சேர்த்துத்தான்.

ஆய்வுக்கூடத்தை விட்டு அரசு அலுவலகத்துக்கு வருவோம். அங்கே நடந்தது இன்னும் விசித்திரம். எந்தெந்த நோய் வந்தால் ஒருவருக்கு எய்ட்ஸ் என்று கொள்ளலாம் என்பதற்கு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பட்டியலில் இருந்தால்தான் ஊனமுற்றோர் உதவித்தொகையும் சிகிச்சை உதவியும் எளிதாகக் கிடைக்கும். அந்தப் பட்டியல், 1980களில் பெரும்பாலும் ஆண்களிடம் பார்த்த நோய்களை வைத்து எழுதப்பட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதில் இல்லை. ஆணுக்குக் கர்ப்பப்பை கிடையாது, அதனால் பட்டியலிலும் கிடையாது! அந்தப் புற்றுநோயால் சாகும் எச்.ஐ.வி. பெண், அரசாங்கக் கணக்கில் எய்ட்ஸ் நோயாளியே ஆகமாட்டார்.

இதை மாற்றப் போராடியவர்களில் ஒருவர் கத்ரீனா ஹாஸ்லிப். நியூயார்க்கின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் இருந்தபோது சட்டம் படித்துச் சக கைதிகளுக்கு வாதாடியவர், எச்.ஐ.வி. உள்ள கைதிப் பெண்களுக்காக உள்ளேயே ஓர் அமைப்பைக் கட்டியவர். விடுதலையான பிறகு வழக்கறிஞர் டெரி மெக்கவர்ன் தொடுத்த வழக்கோடும் தெருப் போராட்டங்களோடும் சேர்ந்துகொண்டார். 1993 ஜனவரி 1 முதல் பட்டியல் மாறியது. பரவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், நுரையீரல் காசநோய், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா ஆகியவை சேர்ந்தன, சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனாலும் எய்ட்ஸ் என்றானது. கத்ரீனா ஹாஸ்லிப் 1992 டிசம்பரில் இறந்துபோனார். ஒரு மாதம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

பட்டியலில் சேர்ந்த அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் இன்னொரு வைரஸ், எச்.பி.வி. மணவாழ்வில் இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு எப்போதாவது இது தொற்றும். இரண்டொரு வருஷத்தில் உடம்பே துடைத்துவிடும். துடைக்கும் வேலையைச் செய்ய சி.டி.4 அணுக்கள் வேண்டும். அவை குறைந்துபோன பெண்ணிடம் எச்.பி.வி. தங்கிவிடுகிறது, செல்களை மாற்றுகிறது, மற்றவர்களைவிடச் சீக்கிரமே புற்றாக்குகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் 6 மடங்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் மற்ற பெண்களுக்கு 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்றால், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி ஒரு நிமிஷம் காத்திருந்தால், மாறிப்போன செல்கள் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இந்த எளிய சோதனையைச் செய்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்து உலகமே மேற்கோள் காட்டிய ஆய்வு அது. எச்.பி.வி.யின் டி.என்.ஏ.வை நேரடியாகத் தேடும் சோதனை இப்போது வந்திருக்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதுவே மேல்.

மருந்துக் கதைக்கு வருகிறேன். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.க்கு அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கியபோது பரவலாகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் நெவிரபின் ஒன்று. அதில் ஒரு விநோதம் இருந்தது. பொதுவாக உடம்பு பலமாக இருக்கும்போது மருந்தைத் தாங்கும் என்போம். நெவிரபினோ நோயெதிர்ப்பு பலமாக இருக்கும் பெண்ணின் கல்லீரலைத்தான் தாக்கியது. சி.டி.4 எண்ணிக்கை 250க்கு மேல் இருந்த பெண்களில் 11 சதவீதம் பேருக்கு அறிகுறியோடு கூடிய கல்லீரல் பாதிப்பு. 250க்குக் கீழே இருந்த பெண்களில் 0.9 சதவீதம்தான். ஆண்களுக்கு அந்த எல்லைக்கோடு 400. ஒரே மாத்திரைக்கு ஆணுக்கொரு கோடு, பெண்ணுக்கொரு கோடு. அதே காலத்து ஸ்டாவுடின் மாத்திரை கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டவைத்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நோயை ஒட்டிய கன்னம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு மாத்திரைகளும் முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து போய்விட்டன, நல்ல வேளை.

இன்றைக்கு இந்தியாவில் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் டோலுடெக்ராவிர் பெண்களின் கைக்கு வந்த விதம் தனியாகச் சொல்லத் தகுந்தது. 2018 மே மாதத்தில் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: கருத்தரிக்கும்போதே இந்த மாத்திரையில் இருந்த 426 பெண்களின் பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு. மற்ற மருந்தில் இருந்தவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று அளவில்தான் இருந்தது. உடனே பல நாடுகள் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு இந்த மாத்திரை கிடையாது என்றன. அல்லது கருத்தடைக்கு ஒப்புக்கொண்டால்தான் உண்டு என்றன. அறுபது வயது ஆணுக்கு நல்ல மருந்து, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பழைய மருந்து.

அந்த ஜூலையிலேயே ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ருவாண்டாவின் கிகாலியில் கூடினார்கள். அபாயம் என்ன, நன்மை என்ன என்று எங்களிடம் சொல்லுங்கள், எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்கிறோம் என்றார்கள். கேட்க எவ்வளவு சாதாரணமான கோரிக்கை! போட்ஸ்வானாவில் பிரசவங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்துக்கொண்டே வந்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட அந்த அபாயம் சரிந்தது. சுமார் 9,500 பிரசவங்களைப் பார்த்து முடித்தபோது 0.11 சதவீதம், மற்ற மருந்துகளுக்கு உள்ள அதே அளவு. 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட அனைவருக்கும் டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்துவிட்டது. முதல் எச்சரிக்கையைச் சொன்னது தவறில்லை. நாலு குழந்தைகளை மறைக்க முடியாது. பெண்களைக் கேட்காமல் கதவைச் சாத்தியதுதான் தவறு.

இந்த மாத்திரையில் வேறொரு வித்தியாசம் பிறகு தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த ‘அட்வான்ஸ்’ ஆய்வில், டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்கு எடை கூடியது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக. ஒரு காலத்தில் இளைப்புதான் எச்.ஐ.வி.யின் அடையாளம். எடை ஏறினால் தேறிவிட்டார் என்று மகிழ்ந்தோம். இன்றோ அந்த எடை சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வழிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெண்ணின் உறுப்பில் வாழும் பாக்டீரியாக்கள்கூட மருந்தின் பலனைத் தீர்மானிக்கும் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. தென்னாப்பிரிக்காவில், தொற்றைத் தடுக்க டெனோஃபோவிர் கலந்த களிம்பைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கிடைத்த பாதுகாப்பு 39 சதவீதம். ஏன் இவ்வளவு குறைவு? 2017இல் விடை வந்தது. லாக்டோபாசிலஸ் பாக்டீரியா நிறைந்த பெண்களுக்குப் பாதுகாப்பு 61 சதவீதம். வேறு பாக்டீரியாக்கள் மிகுந்தவர்களுக்கு 18 சதவீதம். கார்ட்னரெல்லா என்னும் பாக்டீரியா மருந்தையே தின்று தீர்த்துவிடுகிறது! வெள்ளைப்படுதல் என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் தொந்தரவுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பாக்டீரியா மாற்றம்தான். இந்தச் சிக்கலே இல்லாத வழி ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்கா, உகாண்டா நாடுகளில் 2,134 இளம்பெண்கள் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024இல் முடிவு வெளியானது.

தாய்மையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதனால் சுருக்கமாக: சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்காக மாத்திரை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் 1 சதவீதத்துக்கும் கீழே. ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி அடங்கிவிட்டால் உடலுறவில் துணைவருக்கும் பரவாது. சிகிச்சைதான் சிறந்த தடுப்பு என்று உலகுக்குக் காட்டிய 2011 ஆய்வில் சென்னையும் ஒரு களம். நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. கர்ப்பிணிகளுக்குத்தான் கட்டாயம்போலப் பரிசோதனை நடக்கிறது, கணவர்களுக்கு நடப்பதில்லை. முதலில் கண்டறியப்பட்டவர் யாரோ அவரே கொண்டுவந்தவர் என்று மாமியார் வீடு முடிவுகட்டிவிடுகிறது. எந்தச் சோதனையும் யாருக்கு யார் கொடுத்தார்கள் என்று சொல்லாது.

அதிகம் பேசாதது மாதவிடாய் நிற்கும் பருவத்தை. கூட்டுமருந்து வந்ததால் 1990களில் தொற்றிய பெண்கள் இன்று ஐம்பதைத் தாண்டி வாழ்கிறார்கள். இது மருத்துவத்தின் சாதனை. ஆனால் ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது என்று அவர் வந்து சொன்னால், காரணம் மாதவிடாய் நிற்பதா, காசநோயா, மருந்து வேலை செய்யவில்லையா என்று மூன்றையும் யோசிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது எலும்பு அடர்த்தி எல்லாப் பெண்களுக்கும் குறையும். எச்.ஐ.வி. தன் பங்குக்குக் குறைக்கும், மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் தன் பங்குக்குக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் குளியலறையில் வழுக்கி விழுவதே இடுப்பு எலும்பை முறிக்கும். அறுபது வயது எச்.ஐ.வி. பெண்ணைப் பற்றி மருத்துவம் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்படி ஒருவர் இருப்பார் என்று முன்பு யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதையெல்லாம் பெண்களே கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. சென்னையில் 1998இல் கௌசல்யாவும் தோழிகளும் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பைத் தொடங்கியபோது, பெயரை வெளியே சொல்வதே பெரிய துணிச்சல். இன்று எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, தொற்றுள்ள விவரத்தை வெளியே சொல்லவோ, தொற்று இருப்பதைச் சொல்லிச் சிகிச்சையோ வேலையோ மறுக்கவோ கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் ஒருவர் இதைப் படிக்கிறார் என்றால், அவருக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, சி.டி.4, வைரல் லோடு இரண்டோடு திரும்பிவிடாதீர்கள். 25 வயது தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று ஆலோசகரிடம் கேளுங்கள். சென்ற முறை சரியாக இருந்தது என்றாலும் மூன்று வருஷம் ஆகியிருந்தால் மறுபடி கேளுங்கள். 40 தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சில் ஏதாவது செய்தால் அசிடிட்டி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுவிட்டால் அதையும் உங்கள் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.